ஈமாக்ஸில் தமிழுக்குத் தனி எழுத்துரு

பேகம்பேட்டில் நம்மவர் வீட்டுக் கணினிகளில் தமிழும் தெலுங்கும் ஆங்கிலமும் ஒரே கோப்பில் கலந்து வருவது சகஜம். ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பியில் ஆங்கிலத்துக்குப் பொருத்தமான அளவு வைத்தால் தமிழ் பொடிப்பொடியாகத் தெரியலாம். "படிக்கவே முடியலப்பா" என்று பிள்ளைகள் மூடிவிடுவார்கள். மொத்தமாகப் பெரிதாக்கினால் ஆங்கிலமும் சேர்ந்து வீங்கும்.

யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள். அடுத்த 128 தெலுங்குக்கு. பக்கத்து வீடுதான், நடுவில் சுவர் உண்டு. ஆகவே எந்த எழுத்து எந்த மொழியினது என்பது ஈமாக்ஸுக்குத் தெரியும். அதன் தொடக்கக் கோப்பில் 'செட்-ஃபாண்ட்செட்-ஃபாண்ட்' கட்டளையால் தமிழுக்கு மட்டும், சொல்லப்போனால் லோகித் தமிழை, ஒதுக்கலாம். 'ஃபேஸ்-ஃபாண்ட்-ரீஸ்கேல்-அலிஸ்ட்' பட்டியலில் அதற்கு 1.2 என்று கொடுத்தால் அந்த எழுத்துரு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு வளரும். கண்ட்ரோலுடன் எச், பிறகு எச் தட்டுங்கள். பன்மொழி வாழ்த்துகளிடையே 'வணக்கம்' எப்படி நிற்கிறதென்று பார்த்து, எண்ணைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.