மெய் கண்ணாக வேண்டும்

வாள் என்றதும் போர் நம் நினைவுக்கு வரும். ஆனால் உடல்நலத்துக்காகவும் வாள் பழகலாம்.

கேரளத்தின் பழைய தற்காப்புக் கலை களரிப்பயட்டு. திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் சி.வி.என். களரி இருக்கிறது. சி.வி. கோவிந்தன்குட்டி நாயர் 1956-இல் இதைத் தொடங்கினார்.

களரி என்பது பயிற்சி செய்யும் இடம். மரபுப்படி அதன் நீளம் 42 அடி. அகலம் 21 அடி. தரை பள்ளமாக இருக்கும்.

சேர்ந்த உடனே வாள் தருவார்களா? தரமாட்டார்கள். முதலில் மெய்த்தாரி. மெய் என்றால் உடல். குனியவும், தாண்டவும், காலை உயர வீசவும் பழக வேண்டும். அடுத்து கோல்தாரி. இது கம்புப் பயிற்சி. பிறகுதான் அங்கத்தாரி. அப்போது வாளும் கேடயமும் கைக்கு வரும்.

ஏன் இந்த வரிசை? எழுத்தைக் கற்ற பிறகுதானே சொல்லைப் படிக்கிறோம்! வாள் வீசும்போது மனம் அலைந்தால் காயம் படும். எதிரே நிற்பவருக்கும் படும். "மெய் கண்ணாக வேண்டும்" என்பது களரியில் வழங்கும் சொல். உடம்பு முழுவதும் கண்போல விழித்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

பெண்களும் களரி பழகுகிறார்கள். வடகரை மீனாட்சி அம்மா சிறுமியாக இருந்தபோதே பழகினார். முதுமையிலும் வாள் வீசக் கற்பித்தார். 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஆனால் ஒன்று. ஆசான் இல்லாமல் வாளைத் தொடக் கூடாது.