கல்லீரலில் கொழுப்பு: காக்க வேண்டியது இதயத்தையும்

வயிற்று உப்புசத்திற்காகவோ பித்தப்பைக் கல்லுக்காகவோ ஸ்கேன் எடுத்துத் திரும்புவோர் பலரின் அறிக்கையில், "கல்லீரலில் கொழுப்பு, முதல் நிலை" என்ற ஒரு வரி இடம்பெறுகிறது. அந்த வரியைக் கண்ட குடும்பத்தினர் இரு வகையாக நடந்துகொள்வதைப் புறநோயாளிப் பிரிவில் நாங்கள் அடிக்கடி காண்கிறோம். சிலர், "இது எல்லாருக்கும் இருப்பதுதான்" என்று அறிக்கையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். வேறு சிலர், கல்லீரல் கெட்டுவிட்டது என அஞ்சி, அதுவரை உட்கொண்டு வந்த மாத்திரைகளையெல்லாம் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டுமே தவறு, இரண்டாவது தவறு உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

நம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த ஒரு விவசாயி. ஐம்பது வயதைக் கடந்தவர்; இதய இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர். பிறகு எடுத்த ஒரு ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்று வந்தது. "கொழுப்பு மாத்திரை கல்லீரலைத் தின்றுவிடும்" என்று அக்கம்பக்கத்தார் கூறவே, மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லிச் சாறு பருகத் தொடங்கினார். சில மாதங்களில், கண்மாய்க் கரை ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் ஏற்பட்டு எங்களிடம் வந்தார். பரிசோதனையில் கெட்ட கொழுப்பு இரு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. மற்றொரு குழாயிலும் சுருக்கம் தெரிந்தது. மாத்திரையை நிறுத்தியதால் மட்டுமே இது நேர்ந்தது என்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும் அது அவருக்கு இருந்த காவலை விலக்கிவிட்டது என்பதில் ஐயமில்லை. உரிய சிகிச்சைக்குப் பின் அவர் நலமாக இருக்கிறார்.

அன்று அவர் மனைவி எங்களிடம் கேட்டார்: "கல்லீரலைக் காப்பாத்தத்தானேங்க நிறுத்துனோம். கல்லீரலுக்கும் நெஞ்சுக்கும் என்னங்க சம்பந்தம்?" நியாயமான கேள்வி. மாத்திரையை எழுதிக் கொடுத்த நாளிலேயே நாங்கள் அதை விளக்கியிருக்க வேண்டும். அந்த விளக்கத்தை அனைவருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

குதிர் நிறைந்தால்

நம் முன்னோர் வீடுகளில் நெற்குதிர் இருந்தது. விளைச்சல் காலத்தில் நிரப்பி, தேவைப்படும்போது எடுத்துப் புழங்குவார்கள். உடலுக்குக் கல்லீரல் அத்தகைய குதிர். உண்ணும் சோறும் இனிப்பும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலந்ததும், அதில் ஒரு பகுதியைக் கல்லீரல் சேமித்து வைக்கிறது. உழைப்புக் குறைந்து உணவு மிகும்போது குதிரில் இடம் போதாமல், மிகுதி கொழுப்பாக மாற்றப்படுகிறது. கல்லீரலில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் கொழுப்புச் சேர்ந்தால் அதைக் கொழுப்புக் கல்லீரல் என்கிறோம்.

நிறைந்த குதிர் வழிவதைப் போலக் கல்லீரலும் மிகுதிக் கொழுப்பை இரத்தத்தில் தள்ளுகிறது. டிரைகிளிசரைடு உயர்கிறது, நல்ல கொழுப்பு குறைகிறது, கெட்ட கொழுப்பின் துகள்கள் சிறுத்து, குழாய்ச் சுவரில் எளிதாகப் புகுந்து படிகின்றன. இன்சுலின் சொல்லும் கட்டளைக்குக் கல்லீரல் சரியாகப் பணிவதில்லை. அதனால் இரவு முழுதும் உண்ணாமல் இருந்தாலும் காலையில் சர்க்கரை ஏறி நிற்கிறது. கொழுப்பு மண்டிய கல்லீரலிலிருந்து அழற்சியைத் தூண்டும் பொருள்களும், இரத்தம் உறைவதை மிகுவிக்கும் பொருள்களும் வெளிப்படுகின்றன. இவை யாவும் சென்று சேரும் இடம் இதயத்தின் இரத்தக் குழாய்கள்.

கொழுப்புக் கல்லீரல் உடையோரின் இறப்புக்கு முதன்மையான காரணம் கல்லீரல் செயலிழப்பு அன்று. இதய, இரத்தக் குழாய் நோய்களே. கல்லீரல் வலிப்பதில்லை என்பதால் பல்லாண்டுகள் ஓசையின்றி இது நிகழ்கிறது. ஸ்கேன் அறிக்கையின் அந்த ஒரு வரியை, இதயத்தைப் பற்றி முன்கூட்டியே வந்த எச்சரிக்கையாகவும் கொள்ள வேண்டும்.

நம் மாநிலத்தில்

சென்னை நகர மக்களிடையே நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்கேன் செய்யப்பட்ட 541 பேரில் 32 விழுக்காட்டினருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்தது. நீரிழிவு உடையோரில் மட்டும் இது 54.5 விழுக்காடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. இவ்விரு எண்களையும் சேர்த்துப் பார்த்தால், இது ஒரு சிலரின் நோய் அன்று என்பது விளங்கும்.

"நான் குடிப்பதே இல்லையே, எனக்கு ஏன்?" என்று பெண்கள் பலர் மனம் வருந்திக் கேட்கிறார்கள். மதுப்பழக்கம் இல்லாதோருக்கும் இந்நோய் வரும். உலகக் கல்லீரல் மருத்துவ அமைப்புகள் 2023-இல் இதன் பெயரையே மாற்றின. முன்பு "மது சாராத கொழுப்புக் கல்லீரல் நோய்" எனப்பட்டது, இப்போது "வளர்சிதை மாற்றக் குறைபாட்டோடு தொடர்புடைய கொழுப்புக் கல்லீரல் நோய்" எனப்படுகிறது. உடல் பருமன், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்புக் கோளாறு ஆகியவற்றில் ஒன்றேனும் உடன் இருப்பதே அதன் இலக்கணம். இதய நோய்க்கு வழிகோலுபவையும் இவையே. நடுவண் அரசும் 2021 பிப்ரவரியில், நீரிழிவு, இதய நோய், புற்றுநோய், பக்கவாதம் ஆகியவற்றுக்கான தேசியத் திட்டத்தில் கொழுப்புக் கல்லீரலைச் சேர்த்துக்கொண்டது.

மாத்திரையை நிறுத்தலாமா?

அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் முதலிய கொழுப்பு மாத்திரைகள் ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்தவை. கொழுப்புக் கல்லீரல் இருப்பவர்கள் இவற்றைப் பாதுகாப்பாக உட்கொள்ளலாம். சிலருக்குத் தொடக்கத்தில் கல்லீரல் நொதிகள் சிறிதளவு உயரக்கூடும். பெரும்பாலும் அது தானே தணிந்துவிடும். நொதிகள் இயல்பைப் போல் மூன்று மடங்குக்கு மேல் தொடர்ந்து உயர்ந்திருந்தால் மருத்துவர் மறுஆய்வு செய்வார். முற்றிய கல்லீரல் சுருக்கத்தால் வயிற்றில் நீர் கோத்தல், மஞ்சள் காமாலை போன்றவை உள்ளவர்களுக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. முதல் நிலைக் கொழுப்பு என்ற காரணத்திற்காக இம்மாத்திரையை நிறுத்தத் தேவையே இல்லை. ஸ்டென்ட் பொருத்தியவர்கள், இரத்தம் உறையாமைக்கான மாத்திரையையும் மருத்துவரைக் கேளாமல் ஒரு நாள்கூட விடலாகாது.

காமாலைக்குக் கீழாநெல்லி தருவது நம் ஊரில் நெடுநாள் வழக்கம். ஆனால் இதயத்திற்கான மாத்திரைக்கு அது ஈடாகாது. உள்ளே என்ன கலந்துள்ளது என்று தெரியாத பொடிகளையும் லேகியங்களையும் தவிர்க்க வேண்டும். அவற்றுள் சில கல்லீரலையே புண்ணாக்கக்கூடும். எதை உட்கொண்டாலும் எங்களிடம் தயங்காமல் கூறுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டோம்.

அறிக்கை வந்தபின் பார்க்க வேண்டியவை

ஸ்கேனில் குறிக்கப்படும் முதல், இரண்டாம், மூன்றாம் நிலைகள் கொழுப்பின் அளவைக் காட்டுபவை. அவற்றைப் புற்றுநோயின் நிலைகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கல்லீரலில் தழும்பு விழுந்துள்ளதா என்பதே முதன்மையான கேள்வி. வயது, இரண்டு கல்லீரல் நொதிகள், தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகிய நான்கைக் கொண்டு "ஃபிப்-4" என்னும் எளிய கணக்கால் அதை மதிப்பிடலாம். விடை 1.3-க்குக் கீழ் இருந்தால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. 65 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த எல்லை 2. அதற்கு மேல் இருந்தால் ஃபைப்ரோஸ்கேன் போன்ற அடுத்த பரிசோதனை தேவைப்படும்.

அதே நாளில் இதயத்தின் கணக்கையும் பார்த்துவிட வேண்டும்: இரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, இரத்தக் கொழுப்பு, எடை, இடுப்புச் சுற்றளவு. இடுப்பு, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது. மெலிந்த கை கால்களும் தொப்பையும் உடைய உடல்வாகு நம்மவரிடையே மிகுதி. எடை இயல்பாக இருந்தாலும் கல்லீரலில் கொழுப்பு இருக்கலாம் என்பதால், எடை எந்திரத்தைப் போலவே அளவு நாடாவும் வீட்டில் தேவை.

உணவும் நடையும்

கல்லீரலுக்கும் இதயத்திற்கும் தனித்தனிப் பத்தியம் இல்லை. எழுபது கிலோ எடையுள்ளவர் மூன்றரைக் கிலோ குறைத்தால் கல்லீரலின் கொழுப்புக் கரையத் தொடங்கும். ஐந்து கிலோ குறைத்தால் அழற்சி தணியும். ஏழு கிலோ குறைத்தால் தழும்புகூட மெல்லத் தேற வாய்ப்புண்டு. இதை ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் படிப்படியாகச் செய்ய வேண்டும். பட்டினி கிடந்து விரைந்து இளைப்பது கல்லீரலுக்கு நல்லதன்று.

முதலில் தேநீரிலிருந்து தொடங்கலாம். நாளொன்றுக்கு ஐந்து முறை, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால், தேநீரில் மட்டும் ஏறத்தாழ 50 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. நாட்டுச் சர்க்கரையானாலும் பனைவெல்லமானாலும் கல்லீரலுக்குக் கணக்கு ஏறத்தாழ ஒன்றே. அடுத்து, தட்டில் சோற்றின் பங்கைக் குறைத்து, காயும் கீரையும் பருப்பும் கூட்டுங்கள். இரவு நேரப் பரோட்டாவுக்கு விடை கொடுங்கள். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளில் இறங்கும் மத்தி மீனில் இதயத்திற்கு நன்மை தரும் கொழுப்பு உள்ளது. பொரிக்காமல் குழம்பாக்கி உண்ணுங்கள். நம் மண்ணில் விளையும் நிலக்கடலையை அவித்து ஒரு கைப்பிடி உண்ணலாம். மது எவ்வளவு குறைவாயினும் வேண்டாம், புகையும் வேண்டாம்.

வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு முப்பது நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். எடை குறையாவிட்டாலும் நடையால் கல்லீரலின் கொழுப்புக் குறையும். மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை அமைக்கும் "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கியது. நடைபாதை தொலைவு என்போர் வயல் வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் நடக்கலாம். நெஞ்சு வலி வந்தவர்களும் ஸ்டென்ட் பொருத்தியவர்களும் எவ்வளவு நடக்கலாம் என்று எங்களிடம் கேட்டபின் தொடங்குங்கள்.

உடனிருப்போருக்கு

நோயாளிக்கு மட்டும் தனியாகச் சமைப்பது நீடிப்பதில்லை. ஒரே அடுப்பில் வெந்த உணவை உண்ட குடும்பத்தில், மற்றவர் கல்லீரலிலும் கொழுப்பு இருக்க வாய்ப்புண்டு. அவர் பத்தியத்தை வீட்டின் வழக்கமாக்கினால் பிள்ளைகளும் பயன் பெறுவர். மாதம் ஒரு முறை மாத்திரை அட்டைகளை எண்ணிப் பாருங்கள். மீதி இருந்தால் ஏன் என்று அன்போடு கேளுங்கள். நெஞ்சில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, திடீர் மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் வாயு என்று எண்ணிச் சோடா கொடுத்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டின் "இதயம் காப்போம்" திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் தரப்படுகின்றன. அவற்றுள் அட்டோர்வாஸ்டாட்டினும் ஒன்று. கல்லீரலுக்கு அஞ்சி அந்த விவசாயி நிறுத்தியதும் இம்மாத்திரையையே.

அவர் இப்போது மாத்திரையை விடுவதில்லை. அவர் மனைவி மாத்திரை அட்டைகளைத் தம் கண்ணாடிக் கூட்டிலேயே வைத்துக்கொள்கிறார். தேநீரில் இருவருக்கும் சர்க்கரை இல்லை. அடுத்த முறை நீங்கள் எங்களிடம் வரும்போது, பீரோவில் உள்ள பழைய ஸ்கேன் அறிக்கையையும் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரே பையில் எடுத்து வாருங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஆவன செய்வோம்.