தப்பு தலைவருடையது, வெட்கம் யாருடையது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இந்த வாரம் ஸ்டுடியோவில் இல்லை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, கொல்லிமலை செம்மேட்டுக்கு வந்திருக்கேன். பின்னணியில் பஸ் ஹாரன் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்குங்க.

இங்கே வந்ததுக்குக் காரணம் ஒரு நேயர் அனுப்பிய கேள்வி. "நம்ம நாட்டுத் தலைவர் ஒருத்தர் தரக்குறைவா பேசும்போது எனக்குக் கூசுது. நான் எந்தத் தப்பும் பண்ணலையே, எனக்கு எதுக்கு வெட்கம்? இது அர்த்தமில்லாத உணர்ச்சியா?" என்று கேட்டிருந்தார். எந்தத் தலைவர், எந்தக் கட்சி என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எந்தப் பெயரைப் போட்டாலும் கேள்வி பொருந்தும்.

கோபம் வேற, வெட்கம் வேற

செம்மேட்டில் ஒரு டீக்கடையில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நம்ம வூட்டுப் பையன் தப்புப் பண்ணாத்தான் தம்பி நமக்கு வெட்கம். அடுத்த ஊர்க்காரன் பண்ணா அது வெறும் கதை."

"அப்போ நாட்டுத் தலைவர் பண்ணினா, ஐயா?"

"அவரை நீ வூட்டுக்குள்ள வச்சிருக்கியா, வெளிய வச்சிருக்கியான்னு பாரு."

இந்த எபிசோடில் நான் சொல்ல வந்ததில் பாதி அதிலேயே இருக்குங்க. நமக்குப் பிடிக்காத தலைவர் தவறு செய்தால் வருவது கோபம். சில நேரம், உண்மையைச் சொன்னால், சின்ன சந்தோஷம்கூட வரும்: "நான்தான் அப்பவே சொன்னேனே!" வெட்கம் அப்படி வராது. 'இவர் என்னவர்' என்று எங்கோ ஓர் ஒட்டு இருந்தால்தான் வரும். அது ஓட்டுப் போட்ட ஒட்டாக இருக்கலாம், ஒரே மொழி, ஒரே சாதி, ஒரே கட்சி என்கிற ஒட்டாக இருக்கலாம். வெளிநாட்டில் நிற்கும்போது ஒரே பாஸ்போர்ட் என்பதே போதும்.

2003 மார்ச்சில் லண்டனில் நடந்தது இதுக்கு நல்ல உதாரணம். ஈராக் போர் தொடங்கச் சில நாட்களே இருந்தன. டிக்ஸி சிக்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் பாடகி நடாலி மெய்ன்ஸ், அமெரிக்க அதிபர் தங்கள் டெக்சாஸ் மாநிலத்துக்காரர் என்பதில் வெட்கப்படுகிறோம் என்று மேடையிலேயே சொன்னார். போரை எதிர்த்துப் பேசியவர்கள் ஏராளம். ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்காக அவர்களுடைய பாட்டை அமெரிக்காவில் பல வானொலி நிலையங்கள் நிறுத்தின. சொந்தக்காரர் சொன்னதால்தான் அவ்வளவு சுட்டது.

கூச்சப்பட்ட ஒரு தலைவன்

இதுக்கு ஏன் கொல்லிமலை என்று கேட்பீங்க. இங்கே செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை இருக்கு. ஒவ்வோர் ஆண்டும் ஆடிப் பெருக்கை ஒட்டி அரசு விழா நடக்கும், வில்வித்தைப் போட்டியும் உண்டு. ஓரி என்றதும் நமக்கு நினைவு வருவது ஒரே அம்பு: யானை, புலி, மான், பன்றி, கடைசியில் புற்றில் இருந்த உடும்பு வரைக்கும் துளைத்துப் போன கதை. அது புறநானூற்றில் 152-ஆம் பாட்டில் வருது. பாடியவர் வன்பரணர்.

அம்பை விடுங்க, அதுக்கு அப்புறம் நடப்பதைப் பாருங்க. காட்டு வழியில் வந்த பாணர்களுக்கு, வேட்டையாடி நிற்கும் அந்த ஆள் யாரென்று தெரியாது. ஆனால் பார்த்தால் சாதாரண வேடன் மாதிரி இல்லை. சரி, பாடுவோம் என்று பாடுகிறார்கள். பாட்டின் முடிவில் 'கோ' என்று, அதாவது தலைவனே என்று, விளிக்கிறார்கள். அது தன்னையே குறிக்கும் பெயர் என்பதால் அவன் நாணுகிறான். நேரில் புகழைக் கேட்டுக் கூசிப் போகிறான். பிறகு இறைச்சியும் மதுவும் தந்து, மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுத்து அனுப்புகிறான்.

புகழுக்கே கூசுகிறவன் பழிக்குக் கூசாமல் இருப்பானா? இதுதான் அந்தப் பாட்டு எனக்குச் சொல்வது. தலைவனிடம் நாணம் இருக்கும்போது மக்கள் அதைச் சுமக்க வேண்டியதில்லை. அவன் கீழே போட்ட நாணத்தைத்தான் நாம் எடுத்துச் சுமக்கிறோம்.

இந்த ஓரியைத் திருமுடிக்காரி கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு சொல்கிறது. ஓரியின் தெருவுக்குள் காரி நுழைந்தபோது ஊரே ஒன்றாக எழுப்பிய ஆரவாரத்தை நற்றிணையில் கபிலர் உவமையாக எடுத்தாள்கிறார். டீக்கடைப் பெரியவர் சொன்ன மாதிரி, அவனை 'வூட்டுக்குள்ள' வச்சிருந்த ஊர் அது.

முகத்துக்கு நேரே

சரி, எல்லாத் தலைவனும் ஓரி மாதிரி இல்லையே? அப்போது என்ன செய்தார்கள்?

சோழர்களுக்குள் சண்டை. ஆவூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு இருக்கிறான், வெளியே நலங்கிள்ளி முற்றுகை. உள்ளே யானைகள் பட்டினி, குழந்தைகள் பாலுக்கு அழுகின்றன. கோவூர் கிழார் நெடுங்கிள்ளியைப் பார்த்துச் சொல்வதன் சாரம் இது: அறம் உன் வழி என்றால் கதவைத் திறந்து 'உனக்கே' என்று கொடுத்துவிடு. வீரம் உன் வழி என்றால் திறந்து வந்து போரிடு. இரண்டும் இல்லாமல் மதில் ஓரத்தில் ஒடுங்கிக் கிடப்பது நாணத்தக்கது. இது புறநானூறு 44.

அதே நூலில் 36-ஆம் பாட்டு. இங்கே கிள்ளிவளவன் கருவூரை முற்றுகையிட்டுக் காவல் மரங்களை வெட்டுகிறான். அந்தச் சத்தம் உள்ளே கேட்டும் வெளியே வராத ஒருவனோடு நீ போரிட்டாய் என்பதே நாணத்தக்கது என்கிறார் ஆலத்தூர் கிழார். ஒளிந்தவனுக்கும் அதே சொல், அடித்தவனுக்கும் அதே சொல்.

பேகன் கதை இன்னும் நெருக்கமானது. மயிலுக்குப் போர்வை தந்த வள்ளல், ஓரி போலவே கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தபோது கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் போய்ப் பேசினார்கள். எங்களுக்குப் பரிசு வேண்டாம், அவளிடம் போ என்பதுதான் பேச்சு. அவன் கொடையைப் பாடிய பரணரே போய்ச் சொல்கிறார். புகழ்ந்த வாய்க்குத்தான் அப்படிச் சொல்லும் உரிமை கூடுதல். எதிரி சொன்னால் அது வசையாகிப் போயிருக்கும்.

நேயர் கேட்ட 'எனக்கு எதுக்கு வெட்கம்' என்பதற்குத் திருக்குறளிலேயே பதில் இருக்கு. நாணுடைமை அதிகாரத்தில் ஐந்தாவது குறள். தமக்கு வரும் பழிக்கு மட்டும் இல்லாமல் பிறருக்கு வரும் பழிக்கும் நாணுகிறவர்களை, நாணம் குடியிருக்கும் இடம் என்றே உலகம் சொல்லும் என்கிறார் வள்ளுவர். ஆகவே, உங்கள் கூச்சம் அர்த்தமில்லாதது இல்லீங்க.

நாம் தேர்ந்தெடுத்தவர்

பழைய காலத்துக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நெடுங்கிள்ளியை ஆவூர் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. நம் தலைவர்களை நாம் தேர்ந்தெடுக்கிறோம். அதனால் நம் வெட்கத்தில் கொஞ்சம் பொறுப்பும் கலந்திருக்கு.

இலங்கையைப் பாருங்க. 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச 69 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளோடு ஜனாதிபதியானார். 2022-இல் எரிபொருள் இல்லை, சமையல் காஸ் இல்லை, மருந்துக்குத் தட்டுப்பாடு. ஜூலை 9-ஆம் தேதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 13-ஆம் தேதி அவர் நாட்டை விட்டுப் போனார், மறுநாள் சிங்கப்பூரிலிருந்து ராஜினாமா. அந்த நாட்களில் '69 லட்சம்' என்பதே ஒரு குத்தல் பேச்சாகிப் போனது: 'நீயும் அந்த 69 லட்சத்தில் ஒருத்தன்தானே?'

வடக்கிலும் கிழக்கிலும் தமிழர்கள் பெரும்பாலும் அவருக்கு வாக்களிக்கவில்லை. 2009-இல் போர் முடிந்தபோது அவர் பாதுகாப்புச் செயலாளர். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் அதுக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் தெருவில் உட்கார்ந்து பதில் கேட்டார்கள். அவர்களுக்கு அவரைப் பற்றி இருந்தது வலியும் கோபமும். ஒரே நாடு, ஒரே ஜனாதிபதி. ஆனால் யார் வீட்டுக்குள்ளே இருந்தார் என்பதைப் பொறுத்து உணர்ச்சி வேறு.

அரியலூர், 1956

இப்போ நம் பக்கம் வருவோம். 1956 நவம்பர் 23, அதிகாலை. மழை வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் பாதிக்கப்பட்டு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதும் அவர் கொடுத்திருந்தார், நேரு அதை ஏற்கவில்லை. இந்த முறை ஏற்றார். விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதால் ஏற்கவில்லை, பொறுப்பு என்றால் என்ன என்பதற்கு இது ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்றுதான் ஏற்பதாக நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

எதிர்க்கட்சி அதை விடவில்லை. துணை அமைச்சர் ஓ.வி. அழகேசன் பெயரை வைத்துத் திமுக எழுப்பிய எதுகைக் கோஷம் பழைய ஆட்களுக்கு இன்னும் மனப்பாடம். அது அரசியல், அதுவும் தேவைதான். ஆனால் வெட்கத்தை சாஸ்திரி தானே எடுத்துக்கொண்டார். பின்னாளில் 1964-இல் அவர் பிரதமரானபோது அந்த ராஜினாமா அவருக்குக் குறையாகவே இல்லை. இன்றுவரை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பெருமை அது.

கூசினால் என்ன செய்வது?

பெரும்பாலும் நாம் மூன்று வழியில் தப்பிக்கிறோம். ஒன்று, 'மத்தவன் மட்டும் யோக்கியனா?' என்று பேச்சை மாற்றுவது. இரண்டு, 'அரசியலே சாக்கடை' என்று கையைக் கழுவிவிடுவது. மூன்று, மீம்ஸ் போட்டுச் சிரித்துவிட்டு மறந்துவிடுவது. மூன்றிலும் நமக்குப் பாரம் இறங்கும். தலைவருக்கு ஒன்றும் ஆகாது.

புலவர்கள் போனது நான்காவது வழி: தன் பக்கத்து ஆளிடம், தன் பக்கத்திலிருந்தே சொல்வது. நீங்கள் ஓட்டுப் போட்ட கட்சிக்காரர் வீட்டுக்கு வரும்போது, "அண்ணே, அது எனக்குப் பிடிக்கலை" என்று ஒரு வார்த்தை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில், நம் ஆளை நியாயப்படுத்தி வரும் பத்தாவது ஃபார்வர்டை அனுப்பாமல் நிறுத்துவது. எதிர்க்கட்சிக்காரர் ஆயிரம் பேர் திட்டினால் தலைவர் அதைக் கணக்கில் வைக்க மாட்டார். தன் ஆட்கள் நூறு பேர் முகம் சுளித்தால் கவனிப்பார், ஏன்னா அவர்களைத்தான் அவர் இழக்க முடியாது.

கிளம்பும்போது டீக்கடைப் பெரியவரிடம் கேட்டேன்: "வூட்டுப் பையன் தப்புப் பண்ணினா நீங்க என்ன செய்வீங்க, ஐயா?"

"அடுத்தவன் வந்து சொல்றதுக்கு முன்னாடி நானே கூப்ட்டுச் சொல்லிடுவேன்" என்றார். டீக்குக் காசு வாங்க வேண்டாம் என்று கடைக்காரரிடமும் சொல்லிவிட்டார்.

உங்கள் பக்கத்துத் தலைவரால் நீங்கள் எப்போது கூசினீர்கள்? உங்களுக்குப் பிடிக்காதவரைப் பற்றி வேண்டாம், பிடித்தவரைப் பற்றி மட்டும் எழுதுங்க. அடுத்த எபிசோடில் சிலவற்றைப் படிக்கிறேன்.