தூசி தட்டிய மடிக்கணினி – 11: சிடி வேடம்

திருமழபாடித் தம்பி, அவன் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி, உள்ளே செத்துப்போன வைஃபை, அதற்கு மாற்றாக வாங்கிய யுஎஸ்பி அடாப்டர். போன வாரக் கதை இவ்வளவுதான். இந்த வாரம் டிரைவரை கம்பைல் செய்வதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு வேடிக்கை குறுக்கே வந்து நிற்கிறது.

"அண்ணே, வைஃபைன்னுதானே வாங்குனேன், இது சிடி டிரைவ்னு காட்டுதே?"

அவன் சொன்னது சரி. டெர்மினலில் 'எல்எஸ்யுஎஸ்பி' என்று அடித்தால் 0பிடிஏ:1ஏ2பி என்று வருகிறது. முன்பாதி ரியல்டெக் நிறுவனத்தின் எண், பின்பாதி பொருளின் எண். பெட்டியில் அச்சடித்த பெயரை லினக்ஸ் சட்டை செய்வதில்லை, இந்த எண்தான் அதற்கு எல்லாம். டிபி-லிங்கின் 722என் அடாப்டரையே பாருங்கள். முதல் பதிப்பில் ஏதெராஸ் சிப், அடுத்ததில் ரியல்டெக். பெயர் மட்டும் அதேதான்!

நம் 1ஏ2பி வைஃபையின் எண்ணே அல்ல. அடாப்டருக்குள் சின்னதாக ஒரு நினைவகம், அதில் விண்டோஸ் டிரைவர். செருகியதும் 'நான் சிடி' என்கிறது. விண்டோஸ் அதைத் திறந்து டிரைவரை நிறுவும். நிறுவியதும் அந்த டிரைவரே வேடத்தைக் கலைக்கச் சொல்லும். லினக்ஸுக்கு அந்த டிரைவரால் பயனில்லை, ஆகவே சிடி சிடியாகவே உட்கார்ந்திருக்கிறது. பெல்ஜியத்தின் ஆப்ஷன் நிறுவனம் தன் மோடம்களில் இந்த உத்திக்கு 'ஜீரோசிடி' என்றே பெயர் வைத்திருந்தது. 3ஜி காலத்தில் நாம் செருகிய ஹுவாவே டேட்டா கார்டுகளும் இதையே செய்தன. அந்தத் தொல்லைக்காக ஜோசுவா டீட்சே என்பவர் எழுதியதுதான் 'யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்'. அது செய்வது என்ன தெரியுமா? இல்லாத சிடியை வெளியே தள்ளு என்று கட்டளை அனுப்புகிறது, அவ்வளவுதான். அடாப்டர் ஒரு கணம் மறைந்து, 0பிடிஏ:சி811 என்று சொந்தப் பெயரோடு திரும்பி வருகிறது. எத்தனை அடாப்டர்கள் 'லினக்ஸில் வேலை செய்யாது' என்ற பழியோடு மேசை இழுப்பறைக்குள் போயிருக்குமோ!

வேடம் கலைந்தாலும் டிரைவர் வேண்டும். இந்த சிப்புக்கான ஆதரவு 2023 பிப்ரவரியில் வந்த 6.2 கர்னலிலேயே சேர்ந்துவிட்டது. தம்பியின் கணினியிலோ விண்டோஸோடு கூடவே வந்த பாஸ் லினக்ஸ், சென்னை சி-டாக் டெபியனை வைத்து உருவாக்கியது. அதன் கர்னல் இதற்கெல்லாம் வெகுகாலம் முந்தியது. புதிதாக இறக்கலாம் என்றால் இணையம் வேண்டும், இணையத்துக்கு இந்த அடாப்டர் வேண்டும். வழி செல்பேசியில் இருக்கிறது: கேபிளால் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் போதும், லினக்ஸ் அதற்குத் தனி டிரைவர் கேட்பதில்லை.

இதற்குப் பங்குனி புனர்பூசத்தன்று மட்டும் உட்காராதே என்று தம்பியிடம் சொல்லிவைத்தேன். அன்று அவன் ஊர்க் கோயிலில் நந்தி கல்யாணம். மாப்பிள்ளை நந்தி திருவையாற்றிலிருந்து கொள்ளிடம் தாண்டி வருவார், கூட ஊர் ஊராக ஜனமும் வரும், அத்தனை பேர் கையிலும் செல்பேசி, டெதரிங்குக்கு சிக்னல் மிஞ்சாது. "அன்னைக்கு எனக்கும் வேலை இருக்குண்ணே" என்றான். 'நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்' என்பார்களே, அந்த வேலையாகத்தான் இருக்கும்.

புதுக் கர்னலா, பழைய கர்னலிலேயே கம்பைலா? அது அடுத்த வாரம். அதற்குள் உங்கள் அடாப்டரின் எண்ணைக் குறித்து வையுங்கள், பெட்டியைப் பார்த்தல்ல.