கழற்றினால் வீடு, இடித்தால் கல்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றை விரித்தால் முதலில் பரப்புக் கணக்கு வரும். அடுத்து நான்கு எல்லைகள். அதற்குப் பிறகுதான், காணியின் கையைப் பிடித்துக்கொண்டு வருவதுபோல, வீடும் கிணறும் வழிவாய்க்காலும் வரிசையில் வரும். நிலத்தில் ஊன்றிய கட்டிடம் நிலத்தைச் சேர்ந்தது என்பது இலங்கையின் பொதுச்சட்டமான உரோம-டச்சுச் சட்டத்தின் கொள்கை. வீட்டை ‘அசையா ஆதனம்’ என்று எழுதுவதன் அடிப்படை அதுதான்.

காணியை வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் விற்க முடியுமா? வாங்கியவர் அதைக் கொண்டுபோய் இன்னொரு காணியில் எழுப்ப முடியுமா? சட்டம் இதற்குப் பெரிய தடையாக இருக்காது. நிலத்திலிருந்து பிரித்தெடுத்த கதவும் தூணும் அசையும் பொருட்கள்தான். உண்மையான பதில் நொத்தாரிசின் மேசையில் கிடைக்காது. மேசனும் தச்சரும் நூறு வருடத்துக்கு முன் போட்ட மூட்டுகளில் அது இருக்கிறது.

கொழும்பிலிருந்து பெந்தோட்டைக்கு

இலங்கையில் இப்படி ஒரு வீடு இடம்பெயர்ந்திருக்கிறது. கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, 1960களின் தொடக்கத்தில் கொழும்பு அல்பிரட் பிளேசில் ஒரு வீடு கட்டினார். பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்கும் அவருடைய கணவர், முன்னாள் பொலிஸ் மா அதிபர் ஒஸ்மண்ட் டி சில்வாவுக்கும் கட்டிய வீடு அது. தெருவுக்கு முகம் காட்டாமல் உள்ளே திரும்பி நிற்கும் அமைப்பு: நடுவில் முற்றம், அதைச் சுற்றி விறாந்தை, சரிந்திறங்கும் ஓட்டுக் கூரை. நாற்சார் வீட்டில் வளர்ந்த ஒருவர் அங்கே போயிருந்தால் வழி கேட்டிருக்க மாட்டார்.

2009இல் அந்த வீடு விற்கப்பட்டது. வாங்கியவர்களுக்குத் தேவைப்பட்டது நிலம், அதுவும் வாகனம் நிறுத்த. ஆகவே லுணுகங்கை அறக்கட்டளையின் முயற்சியில் வீடு பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டது. தூண், கதவு, கல், ஓடு எல்லாம் எண்ணிடப்பட்டுப் பதிவாகின. பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் தோட்டமான லுணுகங்கையில் வீடு மறுபடி எழுந்தது.

தமிழ்நாட்டில், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வணிகர் வீடும் கேரளத்து மரவீடுகளும் இப்படியே வந்து நிற்கின்றன. கேரளத்தில் பழைய தறவாட்டு வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்து, காயலோர விடுதிகளில் மீண்டும் பூட்டுவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. மர வீட்டைத் தச்சர் பூட்டிய வரிசையைத் தலைகீழாகப் பிடித்தால் கழற்றிவிடலாம்.

முழுதாகத் தூக்கினால்?

வடஅமெரிக்காவில் வீட்டைக் கழற்றாமலே கொண்டுபோகிறார்கள். அடித்தளத்தில் துளையிட்டு இரும்பு உத்திரங்களை நுழைப்பார்கள். நீரியல் ஜாக்கிகள் எல்லா மூலையையும் ஒரே அளவில் உயர்த்தும். பிறகு சக்கரங்கள். சுவீடனில் கிரூனா நகரத்தின் மரத் தேவாலயம், 672 தொன், 2025 ஓகஸ்டில் இரண்டு நாளில் 5 கிலோமீற்றர் நகர்ந்தது. 1930இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் 11,000 தொன் எடையுள்ள எட்டு மாடித் தொலைபேசிக் கட்டிடத்தை நகர்த்தி, 90 பாகை திருப்பியும் வைத்தார்கள். உள்ளே ஊழியர்கள் வேலையை நிறுத்தவில்லை.

யாழ்ப்பாணத்துப் பழைய வீட்டுக்கு இது சரிவருமா? ஒரு கணக்குப் போடுவோம். சுவரின் தடிப்பு ஒன்றரை அடி, உயரம் 3 மீற்றர் என்று வையுங்கள். சுண்ணாம்புக்கல் கட்டு ஒரு கனமீற்றர் ஏறத்தாழ 2 தொன். அப்படியானால் ஒரு மீற்றர் நீளச் சுவரே இரண்டரைத் தொன்னைத் தாண்டும். ஐந்துக்கு நான்கு மீற்றர் அறை ஒன்றின் நான்கு சுவரும், கதவு யன்னல் இடைவெளி கழிய, சுமார் 40 தொன் வரும். எடையைவிடப் பெரிய சிக்கல் கல்லின் குணம். கற்கட்டு மேலிருந்து அழுத்துவதைத் தாங்கும், இழுத்தால் பிளக்கும். ஒரு மூலை சில மில்லிமீற்றர் கூடுதலாக உயர்ந்தாலே சுவரில் இழுவை பிறந்து விரிசல் ஓடும். மரவீடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கல்வீட்டுக்கு அந்தத் தாராளம் இல்லை.

எனவே எங்கள் வீடுகளுக்கு வழி ஒன்றுதான்: கழற்றுவது.

வெளியே வைரம்

கூரையிலிருந்து தொடங்குவோம். முகட்டு வளை, தீராந்தி, கைமரம், சிலாகை என்று குடாநாட்டுக் கூரையின் எலும்புகளில் பெரும்பகுதி பனை. சாதாரண மரத்தில் வைரம் நடுவில் இருக்கும். பனையில் அது வெளிப்புறத்தில். நீரையும் உணவையும் கடத்தும் நார்க்கட்டுகள் தண்டின் ஓரத்தில் நெருங்கியும் நடுவில் ஐதாகவும் இருப்பதால், நடுச்சோறு மெத்தென்றும் ஓரம் கருங்கோடுகளோடு இறுகியும் கிடக்கும். வைரம் வெளியே உள்ளதைப் புல் என்றும் உள்ளே உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பிரித்துவைத்தது. இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லைப்போல ஒருவித்திலைத் தாவரமாகவே வைக்கிறது.

முற்றிய பனையின் வெளிவைரத்தைப் பிளந்து எடுத்த சிலாகை எளிதில் உளுத்துப்போகாது. நெடுங்காலம் காய்ந்து சுருங்கி முடிந்திருப்பதால் இனி முறுகவும் மாட்டாது. அதனால் பழைய வளைக்கு மறுவாழ்வு உண்டு. ஒரு நிபந்தனை: ஒவ்வொரு பொருத்தும் தன் ஜோடியோடுதான் சேரும். எண் போடாமல் லொறியில் ஏற்றினால் இறங்குவது கூரை அல்ல, விறகு.

ஒரே கல், இரண்டு குணம்

சுவருக்கு வருவோம். குடாநாட்டின் அடியில் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல் படுத்திருக்கிறது. அதைச் சூளையில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால் காபனீரொக்சைட்டு வெளியேறி நீறாத சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். மணலோடு குழைத்துச் சுவரில் வைத்ததும் காற்றிலுள்ள காபனீரொக்சைட்டை மெல்ல மெல்ல உறிஞ்சித் திரும்பவும் சுண்ணாம்புக்கல்லாகும். தொடங்கிய இடத்துக்கே வந்துசேரும் ஒரு வட்டம். இந்தச் சாந்து தான் பிடித்திருக்கும் கல்லைவிட மெதுவானது. உளி வைத்தால் சாந்து உதிரும், கல் முழுசாக வரும்.

அதே கல்லைக் களிமண்ணோடு அரைத்து 1,450 பாகை அளவில் சுட்டால் நிலைமை மாறுகிறது. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இதைத்தான் செய்தது. அங்கே கல் அந்த ஊரது, களிமண் முருங்கனிலிருந்து வந்தது. சுண்ணாம்பும் களிமண்ணின் சிலிக்காவும் சேர்ந்து கல்சியம் சிலிக்கேற்றுகளாகின்றன. தண்ணீர் பட்டதும் அவை நுண்ணிய இழைகளாகவும் பசையாகவும் பின்னிக்கொள்ளும். அந்தப் பிடி பல இடங்களில் கல்லைவிடப் பலமானது. உளி வைத்தால் கல்தான் உடையும். எங்கள் ஊர்க் கல்லே ஒருமுறை விட்டுக்கொடுக்கும் சாந்தாகவும் இன்னொருமுறை விடாப்பிடியான சீமெந்தாகவும் ஆகியிருக்கிறது. சீமெந்து வந்தபின் வீடுகள் உண்மையிலேயே அசையா ஆதனங்களாயின.

விற்காமல் போன வீடுகள்

மூட்டுகளின் இந்தப் பாடத்தைக் குடாநாடு கசப்பாகவும் படித்தது. 1990இல் போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பல வருடங்கள் கழித்துத் திரும்பியவர்களில் பலருக்கு மிஞ்சியிருந்தது மொட்டைச் சுவர். ஓடு இல்லை, வளை இல்லை, நிலையும் யன்னலும் இல்லை. கழன்றதெல்லாம் போயிற்று, ஒட்டியது நின்றது. பதுங்குகுழிகளுக்காகப் புகையிரதப் பாதையின் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பெயர்க்கப்பட்டதும் அதே விதிப்படிதான். கழற்றத்தக்கது என்பது விற்பவருக்கு ஒரு வசதி. ஆளில்லாத வீட்டில் அதுவே பலவீனம்.

இன்றும் நாற்சார் வீடுகள் விலைக்குப் போகின்றன, பெரும்பாலும் வீடாக அல்ல. நிலை ஒருவருக்கு, தூண் ஒருவருக்கு, ஓடு இன்னொருவருக்கு. சோளகக் காற்றையும் வாடைக் காற்றையும் கணக்கிட்டு முற்றமும் விறாந்தையும் சேர்ந்து செய்த வேலையை அந்தத் தனித்தனிச் சாமான்கள் செய்யப்போவதில்லை. முழுவீடாகக் கொண்டுபோனாலும், புதிய காணியில் எந்தத் திசைக்கு வாசல் வைப்பது என்பதை முதலிலிருந்து யோசிக்கவேண்டும். எந்தச் சுவர் வெயிலைத் தாங்கியது, பீலித் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கியது என்பது எண்ணிட்ட பலகைகளில் எழுதியிருக்காது. அதை வரைபடமாகக் குறித்துக்கொள்வது வீடு இன்னும் நிற்கும்போது மட்டுமே முடியும்.

பழைய வீட்டை விற்க நினைப்பவர் தரகரை அழைக்குமுன் ஒரு சாவியை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போகலாம். பூச்சு உதிர்ந்த இடத்தில், இரண்டு கல்லுக்கு நடுவே சுரண்டிப் பார்க்கவேண்டும். வெள்ளையாகப் பொடி கொட்டினால் கழற்றுவதற்கு ஒரு வீடு இருக்கிறது. சாவிதான் தேய்கிறது என்றால், விற்பதற்கு இருப்பது காணி மட்டும்.