வயிற்று உறை டயாலிசிஸ்

வயிற்று உறை டயாலிசிஸ் என்பது, சிறுநீரகங்கள் செயலிழந்த ஒருவரின் இரத்தத்திலுள்ள கழிவுகளையும் மிகுதியான நீரையும் அவருடைய வயிற்றுக்குள்ளேயே பிரித்தெடுக்கும் மருத்துவ முறையாகும். பெரிட்டோனியல் டயாலிசிஸ் என்று மருத்துவர்கள் சொல்வர். இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் ஹீமோடயாலிசிசுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் மருத்துவமனையில் படுத்திருக்க வேண்டும். இதையோ நோயாளி தம் வீட்டிலேயே, தம் கையாலேயே செய்துகொள்ளலாம். இம்முறையின் பெரிய வசதி அதுதான். இதன் பெரிய ஆபத்தான தொற்றும் பெரும்பாலும் அதே கை வழியாகத்தான் உள்ளே போகிறது.

செயல்படும் விதம்

குடல், கல்லீரல் முதலிய உறுப்புகளைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வே வயிற்று உறை. அதில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்துள்ளன. சிறிய அறுவைச் சிகிச்சை மூலம் மென்மையான சிலிக்கோன் குழாய் ஒன்றை வயிற்றுக்குள் பொருத்துவார்கள். அதன் ஒரு முனை தோலுக்கு வெளியே இருக்கும். அதன் வழியாகக் குளுக்கோசும் உப்புகளும் கலந்த திரவம், பெரியவர்களுக்குப் பொதுவாக 2 லிட்டர், உள்ளே விடப்படும்.

யூரியா, கிரியேட்டினின் போன்ற கழிவுகள் இரத்தத்தில் செறிந்திருக்கின்றன. திரவத்தில் அவை இல்லை. எனவே சவ்வைக் கடந்து திரவத்துக்குள் பரவுகின்றன. நீர் வெளியேறுவதைப் புரிந்துகொள்ள, உலர்திராட்சையைத் தண்ணீரில் ஊறவைக்கும் பள்ளிச் சோதனையே போதும். சர்க்கரை மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் போகிறது, திராட்சை உப்புகிறது. இங்கே திராட்சையின் இடத்தில் குளுக்கோஸ் திரவம் இருக்கிறது. உடலில் நீர் அதிகம் தேங்கினால் செறிவு கூடிய திரவத்தைப் பயன்படுத்துவர்.

நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்துப் பழைய திரவத்தை வடித்துவிட்டுப் புதியதை நிரப்ப வேண்டும். இதை நாளுக்கு நான்கு முறை செய்வது வழக்கம். ஒவ்வொரு முறைக்கும் அரை மணி நேரமாவது ஆகும். இரவில் உறங்கும்போது இதைத் தானே செய்துவிடும் இயந்திரமும் உண்டு.

தொற்று எங்கிருந்து வருகிறது

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 4 முறை என்றால் ஆண்டுக்கு 1,460 முறை குழாயின் முனை திறக்கப்பட்டு மூடப்படுகிறது. அந்தச் சில நொடிகளில் விரல் பட்டாலோ, இருமினாலோ, கிருமி நேரே வயிற்றுக்குள் போய்விடும். உள்ளே இளஞ்சூடும் சர்க்கரையும் அதற்குத் தயாராக இருக்கின்றன. இப்படி வரும் வயிற்று உறை அழற்சியே நோயாளிகள் இம்முறையைக் கைவிட நேர்வதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று.

இம்முறையின் வரலாறும் பெருமளவு இந்தத் தொற்றோடு போராடிய வரலாறுதான். ஜெர்மனியில் கியோர்க் காண்டர் 1923-இல் இதை மனிதரிடம் முயன்றார். அமெரிக்காவில் ஹென்றி டென்காஃப் 1968-இல் வெளியிட்ட குழாயில் துணி போன்ற இரண்டு வளையங்கள் இருந்தன. திசு அவற்றுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்வதால் கிருமி குழாயோரமாக ஊர்ந்து போவது தடைப்பட்டது. 1976-இல் டெக்சாசில் பொபோவிச், மான்கிரீஃப் ஆகியோர் நாள் முழுவதும் தொடரும் இன்றைய முறையை அறிவித்தனர். ஆனால் அப்போது திரவம் கண்ணாடிப் புட்டிகளில் வந்தது. அடிக்கடி தொற்று ஏற்பட்டது. டொராண்டோவில் ஓரியோபவுலஸ் பிளாஸ்டிக் பைகளைப் பயன்படுத்தியபின் அது குறைந்தது. அடுத்து இத்தாலியில் உருவான ஒய் வடிவக் குழாய் பெரிய மாற்றத்தைத் தந்தது. குழாயை இணைத்தவுடன் முதலில் பழைய திரவம் வடிகிறது. இணைக்கும்போது ஒட்டிய கிருமிகள் அதோடு கழுவிப் போய்விடுகின்றன. அதன் பிறகே புதிய திரவம் உள்ளே செல்கிறது. வடித்துவிட்டு நிரப்பு என்னும் இந்த எளிய வரிசை மாற்றம் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

தோலில் இயல்பாக வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் வகைகளே தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம். சிலருக்கு இவை மூக்கினுள் தங்கியிருக்கும். குடலிலிருந்தும் கிருமிகள் வரலாம். அதனால்தான் மலச்சிக்கல் கூடாது என்கிறார்கள். பூஞ்சைத் தொற்று அரிது, ஆனால் கடுமையானது. காசநோய் மிகுந்த இந்தியா போன்ற நாடுகளில் அதையும் மருத்துவர்கள் மனத்தில் வைத்திருப்பர்.

தடுப்பு

பை மாற்றும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும். கதவு சன்னல்களைச் சாத்த வேண்டும். வெயில் காலத்தில் இது எளிதல்ல, ஆனாலும் விலக்கு இல்லை. முகக்கவசம் அணிந்து, சோப்பால் கைகழுவி, நன்கு உலர்த்திய பிறகே குழாயைத் தொடலாம். ஈரக்கை கழுவாத கைக்குச் சமம். பையை வெந்நீரில் போட்டுச் சூடாக்குவதும் தவறு. குழாய் வெளிவரும் இடத்தை நாள்தோறும் பார்க்க வேண்டும். சிவப்பு, சீழ், வலி இருந்தால் அன்றே சொல்ல வேண்டும். அங்கே தடவ மருத்துவர் தரும் கிருமிக்கொல்லிக் களிம்பையும் தவறவிடக் கூடாது. பூனை வளர்ப்பவர்கள் அதை அந்த அறைக்குள் விடக் கூடாது. குழாயைக் கடித்து ஓட்டை போட்ட பூனைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் செய்திகள் உண்டு.

அறிகுறியும் சிகிச்சையும்

வடியும் திரவம் வெளிர் மஞ்சளாய்த் தெளிந்திருக்க வேண்டும். பைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்துகளைப் படிக்க முடிய வேண்டும். அரிசி களைந்த நீர்போல் கலங்கியிருந்தால் தொற்றென்றே கருத வேண்டும். வயிற்றுவலியோ காய்ச்சலோ வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கலங்கிய பையைக் கொட்டிவிடாமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் கிருமிக்கொல்லி மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனால், சோதனையில் கிருமி தென்படாமல் போகலாம்.

திரவத்தின் ஒரு மைக்ரோலிட்டரில் 100-க்கு மேல் வெள்ளணுக்கள் இருந்து, அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோபில்களாக இருந்தால் அழற்சி என்று கொள்கின்றனர். கிருமி எது எனத் தெரியும்வரை காத்திராமல் மருந்து தொடங்கப்படும். அது பெரும்பாலும் அதே திரவப் பையில் கலந்தே செலுத்தப்படும். ஏறக்குறைய இரண்டு மூன்று வாரம் சிகிச்சை தொடரும். சரியான மருந்து கொடுத்து ஐந்து நாட்களாகியும் திரவம் தெளியாவிட்டால் குழாயை எடுத்துவிடுவார்கள். பூஞ்சை என்றால் காத்திருப்பதே இல்லை. உயிரைக் காக்கக் குழாயை விட்டுக்கொடுக்க வேண்டிய நேரம் அது. பிறகு நோயாளி ஹீமோடயாலிசிசுக்கு மாறுவார். வயிற்று உறை தடித்துத் தழும்பேறாமல் இருந்தால், தொற்று முற்றிலும் தீர்ந்த சில வாரங்களில் புதிய குழாய் பொருத்தி மீண்டும் இம்முறைக்குத் திரும்பலாம்.