தரையிறங்கும் நேரத்தில் தடுமாறும் மடிக்கணினி

சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடம் சென்று சேரும் தீவுகளுள் ஹேவ்லாக்கும் ஒன்று. 2018 டிசம்பர் முதல் ஸ்வராஜ் தீவு என்பது அதன் அதிகாரப்பூர்வப் பெயர். சரியாக எட்டு நாள்கள் கழித்து, ஆகஸ்ட் 18 அன்று, மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் புதிய பதிப்பு வெளியாயிற்று. இரண்டு பெட்டாபைட்டுக்கும் மேற்பட்ட நிலப்படத் தரவை இணையத்தின் வழியே சிறிது சிறிதாக இறக்கி, உலகம் முழுவதையும் கண்முன் விரிக்கும் மென்பொருள் அது. செயற்கைக்கோள் இணைப்பை மட்டுமே நம்பியிருந்த நாள்களில் இத்தீவில் அதை எண்ணிப் பார்க்கவும் இயலாது. இன்று கோவிந்த நகரிலோ விஜய நகரிலோ வீட்டில் அமர்ந்தபடியே ஒரு மாணவர் தம் தீவின் மேல் பறக்கலாம்.

இணையத் தடை நீங்கியபின் எஞ்சி நிற்பது வேறொரு தடை: மடிக்கணினியின் வெப்பம். விமானம் ஓடுபாதையை விட்டு அழகாக எழும்புகிறது. பத்து, பதினைந்து நிமிடங்களில் மின்விசிறி இரைகிறது, விசைப்பலகை சுடுகிறது. தரையிறங்கும் தருணத்தில் படம் விட்டுவிட்டு நகர்கிறது, அல்லது கணினியே அணைந்துவிடுகிறது. "இந்தக் கணினி போதாது, புதிதாக வாங்க வேண்டும்" என்ற முடிவுக்கு வீட்டார் வருகின்றனர். அம்முடிவோடு கடன் விண்ணப்பம் கேட்டுக் கிளைக்கு வரும் பெற்றோரைக் காண்பதுண்டு. பெரிய தொகையைச் செலவிடும் முன் செய்து பார்க்க வேண்டிய சில சோதனைகளை இங்கே முறைப்படுத்தித் தருகிறோம்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

மடிக்கணினி வாங்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. மையச் செயலியும் கிராபிக்ஸ் சில்லும் சேர்ந்து நூறு வாட்டைக் கடப்பது விளையாட்டு வகை மடிக்கணினிகளில் இயல்பு. அவ்வளவு வெப்பத்தையும் விரற்கடை உயரமுள்ள பெட்டிக்குள்ளிருந்து இரண்டு சிறு மின்விசிறிகள் வெளியேற்ற வேண்டும். செயலியின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, தன்னைக் காத்துக்கொள்ள அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. நாம் காணும் தடுமாற்றம் பெரும்பாலும் இந்தத் தற்காப்பின் விளைவே.

சிமுலேட்டர் ஏனைய விளையாட்டுகளைவிடக் கடுமையானது. இறக்கையின் மீது படும் காற்று, இயந்திரத்தின் நிலை, வானிலை, பிற விமானங்கள், தரையிலுள்ள கட்டடங்கள் ஆகிய அனைத்தையும் அது இடைவிடாமல் கணக்கிடுகிறது. அக்கணக்கின் பெரும்பகுதி செயலியின் ஒரே கருவின் மேல் விழுவதால், எட்டுக் கருக்கள் இருந்தாலும் அந்த ஒன்றின் வேகமே முழுப் பயணத்தின் வேகத்தையும் தீர்மானிக்கிறது. வெப்பத்தால் அதன் வேகம் குறையும்போது படம் உடனே தடுமாறுகிறது.

தீவின் தட்பவெப்பத்தையும் கணக்கிலெடுக்க வேண்டும். பெரும்பாலான மடிக்கணினிகள் 35 டிகிரி வரையுள்ள அறை வெப்பத்துக்கென வடிவமைக்கப்படுகின்றன. அறை ஐந்து டிகிரி கூடினால் உள்ளேயும் ஏறத்தாழ அவ்வளவே கூடும். காற்றின் ஈரம் கணினியைச் சூடாக்குவதாகப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று, நம் உடலைப் போலக் கணினி வியர்த்துக் குளிர்வதில்லை. ஈரமும் கடலுப்பும் செய்யும் தீங்கு வேறு வகையானது. மின்விசிறியின் அச்சிலும் உலோகத் தகடுகளிலும் துருவை ஏற்றி, தூசியைக் களிம்பு போல ஒட்டவைத்து, காற்று செல்லும் வழியை அவை மெல்ல மெல்ல அடைக்கின்றன.

நோயை அறிதல்

வேகக் குறைவு எல்லாமே வெப்பத்தால் வருவதன்று. எப்போது, எங்கே தடுமாறுகிறது என்பதைக் கவனித்தாலே காரணம் பெரும்பாலும் விளங்கிவிடும்.

1. முதலில் சீராக ஓடி, பத்து முதல் இருபது நிமிடங்களுக்குப் பின் தடுமாறி, அதன்பின் மீளவே இல்லையெனில் காரணம் வெப்பம்.

2. கடலின் மேல் சீராகவும், பெருநகரம் அல்லது பெரிய விமான நிலையத்தின் அருகில் மட்டும் மெதுவாகவும் இருந்தால், காட்சியின் அடர்த்தி செயலியின் திறனை மீறுகிறது.

3. இடையிடையே ஓரிரு நொடிகள் உறைந்து, பின் இயல்பாக ஓடினால், ரேம் நினைவகம் போதாமல் இருக்கலாம். அல்லது மென்பொருள் பழைய வகை ஹார்டு டிஸ்கில் நிறுவப்பட்டிருக்கலாம். 2020 பதிப்புக்குக் குறைந்தது 8 ஜிபி, பரிந்துரை 16 ஜிபி. 2024 நவம்பரில் வந்த பதிப்புக்குக் குறைந்தது 16 ஜிபி.

4. விமானம் சீராகப் பறக்க, தரைக்காட்சி மட்டும் மங்கலாக இருந்தால் இணைய இணைப்பே காரணம்.

5. தொடக்கம் முதலே மெதுவெனில், பேட்டரியில் ஓடுகிறதா, மாற்று சார்ஜரின் வாட் அளவு குறைவா, மின்விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள்.

போர்ட் பிளேரிலிருந்து, அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, ஹேவ்லாக் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சிறு விமானத்தில் அது கால்மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பயணம். 2011 முதல் சில காலம் இவ்வழியில் செஸ்னா கேரவன் வகைக் கடல் விமானம் உண்மையிலேயே பறந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த விமானம் சிமுலேட்டரிலும் உண்டு. சோதனைக்கு இந்தப் பயணம் மிகப் பொருத்தமானது: கணினி முழுச் சூட்டை எட்டுவதற்கும் பயணம் முடிவதற்கும் ஆகும் நேரம் ஏறத்தாழ ஒன்றே. வெப்பக் குறைபாடு இருந்தால் அது இறங்கும் வேளையில் வெளிப்பட்டுவிடும்.

ஒரே விமானம், ஒரே வழி, ஒரே வானிலை, நாளின் ஒரே நேரம் என அமைத்துக்கொண்டு இருபது நிமிடங்கள் ஓட்டுங்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் செயலியின் வேகத்தையும், எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வெப்பத்தையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். மூன்று மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டால், பயன் எதனால் வந்தது என்று தெரியாது. பற்று எது, வரவு எது என்று பிரிக்காத பேரேட்டின் கதைதான்.

செலவில்லாத சிகிச்சைகள்

முதலாவது, மெத்தையையும் மடியையும் விட்டுக் கணினியை மேசைக்கு மாற்றுங்கள். அடிப்பகுதித் துளைகள் அடைபடாதபடி பின்பக்கத்தை இரண்டு விரல் உயர்த்தி வையுங்கள்.

இரண்டாவது, நொடிக்கு 30 ஃபிரேம் என வரம்பு விதியுங்கள். துப்பாக்கி விளையாட்டுகளுக்கு 60 வேண்டியிருக்கலாம். மெல்லத் திரும்பும் விமானத்துக்கு நிலையான 30 போதும். வரம்பு இல்லாவிடில் கடலின் மேல் வெறும் நீலத்தை வரைவதற்குக்கூடக் கணினி முழு வலிமையையும் செலவழித்துச் சூடேறும்.

மூன்றாவது, காட்சி அமைப்புகளை அறிந்து குறையுங்கள். மேகங்களும் திரைத் தெளிவும் கிராபிக்ஸ் சில்லைச் சார்ந்தவை. தொலைதூர நிலக்காட்சியின் நுணுக்கமும் பிற விமானங்களின் எண்ணிக்கையும் மையச் செயலியைச் சார்ந்தவை. பல மடிக்கணினிகளில் இரண்டுக்கும் வெப்பத்தைக் கடத்தும் குழாய்கள் பொதுவானவை. ஒன்றின் சுமையைக் குறைத்தால் மற்றதும் குளிரும்.

நான்காவது, விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் செயலியின் உச்ச நிலையை 100 விழுக்காட்டிலிருந்து 99 ஆக்கிப் பாருங்கள். பல கணினிகளில் டர்போ எனப்படும் கூடுதல் வேகம் இதனால் நிற்கும். செயலி உண்ணும் மின்சாரம் அதன் வேகத்தோடும், மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தோடும் சேர்ந்து உயர்வது. ஆகவே உச்ச வேகத்தைச் சிறிது விட்டுக்கொடுத்தாலே வெப்பம் வெகுவாகக் குறையும். ஐந்து நிமிடம் மட்டும் நீடிக்கும் உச்ச வேகத்தைவிட, இறுதிவரை நிலைக்கும் நடுத்தர வேகமே விமானத்துக்கு நல்லது.

சிறு செலவுச் சிகிச்சைகள்

இவை போதாவிடில் சுத்தம் செய்யும் வேளை வந்துவிட்டது. கணினியை அணைத்து, காற்று ஊதும் கருவியால் துளைகளை ஊதலாம். அப்போது மின்விசிறி அதிவேகமாகச் சுழலாதபடி ஒரு மெல்லிய குச்சியால் தடுத்துப் பிடிக்க வேண்டும். வீட்டு வாக்குவம் கிளீனரைத் தவிர்க்கவும். அதில் எழும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கக்கூடும். செயலிக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட் சில ஆண்டுகளில் காய்ந்துவிடும்; அதை மாற்றும் பணியைத் தேர்ந்தவரிடம் விடுவதே நன்று. வாரண்டி நடப்பில் இருந்தால் திறக்கும் முன் அதன் நிபந்தனைகளைப் படியுங்கள்.

குளிர்பதன அறையிலிருந்து திறந்த வெளிக்குக் கொண்டுவந்த கணினியை உடனே இயக்க வேண்டாம். குளிர்ந்த உலோகத்தின் மீது ஈரக்காற்று நீர்த்துளியாகப் படியும். அரைமணி நேரம் பொறுங்கள். தீவின் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்களிலிருந்து வருவதால், மின்னழுத்த ஏற்றத்தாழ்விலிருந்து காக்கும் கருவி ஒன்றைப் பொருத்துவது பயனுள்ளது.

ஓர் அறிகுறியை மட்டும் ஒருபோதும் அலட்சியப்படுத்தலாகாது. டச்பேட் மேலெழும்பினாலோ, அடிப்பகுதி புடைத்தாலோ பேட்டரி வீங்கியுள்ளது என்று பொருள். உடனே அணையுங்கள், சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்தவோ குத்தவோ கூடாது. அத்தகைய பேட்டரியை விமானத்தில் எடுத்துச் செல்லவும் அனுமதியில்லை.

ஒரு மாணவியின் குறிப்பேடு

படகுத்துறையில் பணிபுரியும் வாடிக்கையாளர் ஒருவர், விமானியாக விரும்பும் தம் மகளுக்காகப் புதிய மடிக்கணினி வாங்கத் தனிநபர் கடன் கேட்டு வந்தார். மேற்சொன்ன வரிசையில் சோதித்துப் பார்த்துவிட்டு வருமாறு கேட்டுக்கொண்டோம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவியான மகள், ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியே குறிப்பேட்டில் எழுதினார். மெத்தையிலிருந்து மேசைக்கு மாற்றியதும் கணினி அணைவது நின்றது. ஃபிரேம் வரம்பு விதித்ததும் தடுமாற்றம் பாதியாயிற்று. போர்ட் பிளேர் செல்லும் கப்பலில் கொடுத்தனுப்பிச் சுத்தம் செய்தபின் வெப்பம் அடங்கிற்று. ஆயினும் இடையிடையே உறைவது நிற்கவில்லை. அதற்குக் காரணம் 8 ஜிபி ரேம். கூடுதலாக ஒரு ரேம் பலகை வாங்கியதோடு செலவு முடிந்தது. பெருநகரங்களின் மேல் இன்றும் அக்கணினி திணறத்தான் செய்கிறது. தீவுகளின் மேல் அது நன்றாகவே பறக்கிறது.

அக்குடும்பத்துக்கு முன்னுள்ள பெருஞ்செலவு வேறு. இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரப் பறத்தல் அனுபவம் தேவை. வீட்டு சிமுலேட்டரில் கழியும் நேரம் அக்கணக்கில் சேராது. கருவிகளை வாசிக்கவும், சரிபார்ப்புப் பட்டியலை வரிசையாகப் பின்பற்றவும் மட்டுமே அது பழக்கும். பயிற்சிக் கட்டணமோ பல இலட்சங்களில் அமைவது. கல்விக் கடன் தேவைப்படவிருக்கும் குடும்பம், அதற்கு முன்பே தனிநபர் கடன் ஒன்றின் தவணையைச் சுமக்காதிருப்பது நல்லது.

வேகத்தின் பெயரால் வரும் மோசடி

கணினி மெதுவாகும்போது மனம் பதறுகிறது; அப்பதற்றத்தையே மோசடிக்காரர்கள் எதிர்பார்க்கின்றனர். "உங்கள் கணினி அதிக வெப்பமடைந்துள்ளது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று இணையப் பக்கத்தில் தோன்றும் எச்சரிக்கை பொய்யானது. அழைத்தால், திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வார்கள். அடுத்து உங்கள் வங்கிக் கணக்கு திறக்கப்படும்.

திருட்டு மென்பொருளும் அவ்வாறே ஆபத்தானது. உரிய கட்டணம் செலுத்தி வாங்கும் மென்பொருளையும் கண்மூடி நம்ப இயலாது என்பதற்குச் சிமுலேட்டர் உலகிலேயே சான்று உண்டு. 2018 பிப்ரவரியில், பெயர்பெற்ற ஒரு நிறுவனம் விற்ற விமான மென்பொருளின் நிறுவல் கோப்புக்குள், குரோம் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை எடுக்கும் நிரல் இருப்பதைப் பயனர்கள் கண்டுபிடித்தனர். திருட்டுப் பயனர்களைப் பிடிக்கவே அதை வைத்ததாகக் கூறிய நிறுவனம், அதை நீக்கி வருத்தம் தெரிவித்தது. சிமுலேட்டர் ஓடும் கணினியின் உலாவியில் வங்கிக் கடவுச்சொல்லைச் சேமிக்கக் கூடாது என்பது இதிலிருந்து பெறும் பாடம்.

பணம் பறிபோனதாக அறிந்தால் உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற எண்ணிலும் புகார் செய்யுங்கள். இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, வங்கியின் மீதோ வாடிக்கையாளர் மீதோ தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. கடவுச்சொல்லை அவரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு அவருடையது. தெரிவித்தபின் நேரும் இழப்பை வங்கி ஏற்கும். இரு நிலையிலும் காலத்தாழ்வே கூடுதல் நட்டம் தருவது.

எல்லாச் சோதனைகளுக்குப் பின்னும் கணினி போதவில்லையெனில், புதியது வாங்குவதில் தவறில்லை. அப்போது உங்கள் குறிப்பேட்டையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்குக் குறைவது ரேமா, கிராபிக்ஸ் சில்லா, குளிர்விக்கும் அமைப்பா என்று அதைக் காட்டிக் கேட்டு வாங்கலாம். வேண்டாத திறனுக்குப் பணம் தர நேராது.